கனம் கோர்ட்டார் அவர்களே, ஒரு முத்தம்!

‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் ஹோசே லாரெல்.’ கேஸ் பெயரே எவ்வளவு கெத்தாக இருக்கிறது பாருங்கள்! ஒரு பக்கம் வல்லரசு. எதிரே ஒற்றை ஆள். ஆயுதக் கிடங்குக்குத் தீ வைத்திருப்பான், இல்லையென்றால் கவர்னர் போன ரயிலைக் கவிழ்த்திருப்பான் என்றுதானே தோன்றுகிறது? அதெல்லாம் இல்லை. பையன் தெருவில் போன ஒரு பெண்ணுக்கு முத்தம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான்.

1909, டிசம்பர் 26. பிலிப்பைன்ஸின் பதங்காஸ் மாகாணத்தில் தனாவான் என்று ஓர் ஊர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ராத்திரி. கூட்டாளிகளோடு சர்ச்சிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தாள் அந்தப் பெண். எங்கிருந்தோ வந்தான் 18 வயது ஹோசே. ‘இச்’. அவ்வளவுதான், தன் வீட்டைப் பார்த்து ஒரே ஓட்டம். கூட வந்தவர்கள் விட்டுத் துரத்தினார்கள். துரத்தியவர்களில் அவளுடைய காதலனும் ஒருவன். இன்றைக்கென்றால் சிசிடிவி இருக்கும். அன்றைக்கு ஊரே சிசிடிவி.

இதையெல்லாம் ஏதோ பொறாமை பிடித்த எதிர்க்கட்சிக்காரர் கிளப்பிவிட்டதாக நினைக்காதீர்கள். எழுதி வைத்திருப்பது பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம். ஓடிய கால்கள் எந்தத் திசையில் ஓடின என்பது வரைக்கும் தீர்ப்பில் இருக்கிறது. அப்படி ஓடியவர்தான் பிற்காலத்தில் அதே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்தார். நாட்டுக்கு ஜனாதிபதியாகவும் ஆனார். அவசரப்படாதீர்கள், முதலில் கத்திக்குத்து.

இரண்டு நாள் கழித்து, பங்குச் சாமியார் கட்டடத்தில் ஒரு கலை நிகழ்ச்சி. மாடியில் பாட்டும் கூத்தும் நடக்க, கீழே காதலனும் லாரெலும் நேருக்கு நேர். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதில் ஆளுக்கொரு கதை. ‘என் ஆளுக்கு ஏன் முத்தம் கொடுத்தாய்?’ என்று காதலன் கேட்டான். நியாயமான கேள்வி. பின்னாளில் பிலிப்பைன்ஸின் மாபெரும் சட்ட மேதை ஆகப்போகிறவர் இதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம்? மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ‘இருட்டில் ஆள் தெரியவில்லை’ என்றாவது புளுகியிருக்கலாம். அந்தப் பெண் நிலையில்லாதவள், யார் என்ன கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டுகிறவள் என்கிற ரீதியில் ஒரு பதில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மண்டையில் ஒரு தடியடி விழுந்தது.

லாரெல் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்தார். பதங்காஸ் ஆட்களுக்குக் கத்தி ஒன்றும் புதிதல்ல. விசிறி மாதிரி விரித்து மடக்கும் பாலிசோங் கத்திக்கு உலகப் புகழ் பெற்ற மாகாணம் அது. காதலனுக்குப் பலத்த காயம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் காலனி. அதனால் கோழி திருடினாலும் கேஸ் அமெரிக்காவின் பெயரில்தான் பதிவாகும். ஒரு முத்தத்துக்காக வாஷிங்டனே படியேறி வந்த கதை இதுதான்.

கீழ்க்கோர்ட்டில் தண்டனை. மேல்முறையீடு. அது நிலுவையில் இருக்கும்போது ஒரு சராசரி வாலிபன் என்ன செய்வான்? சாமிக்கு வேண்டிக்கொள்வான். லாரெல் இரண்டு காரியம் செய்தார். 1911-ல் பசென்சியா ஹிடால்கோ என்கிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். முத்தம் வாங்கிய பெண் இவர் இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாவதாக, பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்பில் சேர்ந்தார். தலைக்கு மேல் கேஸ் தொங்கும்போது லா காலேஜில் சேருவதைத் தைரியம் என்பதா, முன்ஜாக்கிரதை என்பதா? 1912, மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: முதலில் அடித்தது மற்றவன், இவர் செய்தது தற்காப்பு, எனவே விடுதலை.

அத்தோடு எல்லோருடைய கணக்கும் நேராகிவிட்டது. குத்தியவர் வெளியே வந்தார், குத்துப்பட்டவர் பிழைத்தார், அமெரிக்கா அடுத்த கேஸைப் பார்க்கப் போனது. நடுத்தெருவில் முத்தத்தையும் வாங்கி, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கெட்ட பெயரையும் வாங்கிய அந்தப் பெண்ணுக்கு மட்டும் எந்த கோர்ட்டிலும் நியாயம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

லாரெல் கிடுகிடுவென்று ஏறினார். 1915-ல் சட்டப் பட்டம், பார் தேர்வில் நாட்டிலேயே இரண்டாம் இடம், 1920-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். வழக்குப் போட்ட நாட்டிலேயே போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்திருக்கிறார் பாருங்கள், இதுவல்லவா பழிவாங்கல்! 1923-ல் உள்துறைக்கே தலைவர். வயது 32. பட்ட கஷ்டத்துக்குக் கொஞ்ச காலம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். ஐந்தே மாதத்தில் ராஜினாமா.

காரணம் ரே கான்லி என்கிற அமெரிக்கத் துப்பறியும் போலீஸ்காரர். மணிலாவில் சூதாட்டம், விபசாரம் மாதிரியான சமாசாரங்களை ஒழிக்கும் பிரிவில் இருந்தவர். ஒழிக்க வேண்டிய சூதாட்டத்திலிருந்தே லஞ்சம் வாங்குகிறார் என்று புகார். சஸ்பெண்ட் செய்தார்கள். கோர்ட் அவரை விடுவித்தது. உடனே கவர்னர் ஜெனரல் லியோனார்ட் வுட், ‘ஆளை மறுபடி வேலையில் சேர்’ என்று உத்தரவு போட்டார். வுட் சிப்பாய் மனிதர். உத்தரவு போட்டால் எதிரே இருப்பவர் சல்யூட் அடிக்க வேண்டும் என்று நம்பியவர். லாரெல் சல்யூட்டுக்குப் பதில் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். கூடவே கேபினெட்டில் இருந்த பிலிப்பினோ மந்திரிகளும் நீட்டினார்கள்.

மணிலாவே கொண்டாடியது. அன்னியனை எதிர்த்து நாற்காலியைத் தூக்கி எறிந்த சிங்கம்! உண்மையிலேயே துணிச்சலான காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிங்கத்தின் வாதத்தைச் சற்று உற்றுக் கேளுங்கள். கோர்ட் விடுதலை செய்துவிட்டால் மட்டும் ஒருவன் பதவிக்குத் தகுதியானவன் ஆகிவிடுவானா என்று கேட்டார். யார் கேட்டது? கோர்ட் விடுதலை செய்த ஒரே காரணத்தால் வக்கீலாகி, டாக்டராகி, மந்திரியான ஆள்.

வுட் என்ன செய்தார் தெரியுமா? கெஞ்சவில்லை, கொஞ்சவில்லை. எல்லா ராஜினாமாக்களையும் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

புகழ் வீண்போகவில்லை. 1925-ல் செனட்டர். 1931-ல் கிளாரோ ரெக்டோ என்கிற இன்னொரு சட்டப் புலியிடம் தேர்தலில் தோல்வி. இந்த ரெக்டோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தோற்கடித்தவரும் தோற்றவரும் 1936-ல் ஒரே உச்ச நீதிமன்றத்தில் சக நீதிபதிகளாக உட்கார்ந்தார்கள். யுத்த காலத்தில் லாரெல் ஜனாதிபதியானபோது அவருடைய வெளியுறவு மந்திரி ரெக்டோ. பிலிப்பைன்ஸ் அரசியலில் பரம எதிரி என்றால் இன்னும் நண்பர் ஆகாதவர் என்றுதான் பொருள் போலிருக்கிறது.

1934-ல் புது அரசியல் சாசனம் எழுத ஒரு சபை கூடியது. குடிமக்களின் அடிப்படை உரிமைகள் பற்றிய குழுவுக்குத் தலைவர் லாரெல். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு என்னென்ன உரிமை வேண்டும் என்று குழுவில் விவாதம் வந்தபோது, புத்தகத்தைப் புரட்டாமல் அனுபவத்திலிருந்தே பேசக்கூடியவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

நீதிபதி நியமனம் நடந்த தேதியைக் கேளுங்கள்: 1936, பிப்ரவரி 29. ஆண்டுவிழா நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை கொண்டாடியிருக்கலாம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். மனிதர் அபாரமான நீதிபதி. உட்கார்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அங்காரா என்கிற தேர்தல் வழக்கு வந்தது. பிரச்னை சில்லறை. வெற்றி பெற்றவர்களை உறுதி செய்து டிசம்பர் 3-ம் தேதியே சட்டசபை தீர்மானம் போட்டு ஊற்றி மூடிவிட்டது. தேர்தல் கமிஷனோ டிசம்பர் 9 வரை புகார் கொடுக்கலாம் என்றது. தோற்றவர் 8-ம் தேதி மனுவோடு வந்து நிற்கிறார். யார் சொன்ன தேதி செல்லும்? ஒரு குமாஸ்தா தீர்த்து வைக்கவேண்டிய இந்தத் தகராறை எடுத்துக்கொண்டு, அரசின் மூன்று அங்கங்களுக்கும் எல்லைக்கோடு எங்கே, அந்தக் கோட்டை அளந்து சொல்லும் வேலை யாருடையது என்று லாரெல் ஒரு மகா தீர்ப்பை எழுதினார். கடைசியில் எல்லை அளக்கும் வேலை கோர்ட்டுக்கே வந்து சேர்ந்தது. அதைச் சொன்னதும் கோர்ட்தான் என்பதைக் கவனித்தீர்களா?

அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கேஸ் எவ்வளவு சின்னதோ, தீர்ப்பு அவ்வளவு பெரிது. மணிலாவில் ‘ஆங் திபாய்’ என்று புகழ்பெற்ற செருப்புக் கம்பெனி. தோல் தட்டுப்பாடு என்று சொல்லித் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். தட்டுப்பாடும் கிடையாது ஒன்றும் கிடையாது, எங்கள் யூனியனை ஒழிக்கத்தான் இந்த நாடகம் என்றது தொழிற்சங்கம். லாரெல் 1940-ல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டுவிட்டு, அப்படியே ஓர் அரசு அமைப்பு நியாயமாக விசாரிப்பதற்கு ஏழு நிபந்தனைகளையும் எழுதி வைத்துவிட்டார். இன்றைக்கும் பிலிப்பைன்ஸ் சட்ட மாணவர்கள் அந்த ஏழையும் ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்கிறார்கள். எல்லாம் செருப்புத் தோலில் ஆரம்பித்த வினை.

அதைவிட அமர்க்களம் ஜட்கா கேஸ். மணிலாவின் ரொசாரியோ தெருவில் காலை 7.30 முதல் 12.30 வரையும், மதியம் 1.30 முதல் 5.30 வரையும் குதிரை வண்டிகள் வரக்கூடாது என்று உத்தரவு. ரிசால் அவென்யூவின் ஒரு பகுதியில் காலை 7 மணி முதல் ராத்திரி 11 மணி வரை தடை. குதிரை அசைந்து அசைந்து போக, பின்னால் மோட்டார் கார்கள் ஹாரன் அடிக்க, டிராஃபிக் ஜாம். ரொசாரியோ தெருவில் மட்டும் மத்தியானம் 12.30-லிருந்து ஒரு மணி நேரம் குதிரைக்கு அனுமதி. கார்காரர்கள் சாப்பிடப் போகும் நேரம் போலும்! காலலாங் என்கிற குடிமகன், ஏழை வண்டிக்காரன் வயிற்றில் அடிக்கிறீர்களே, சமூக நீதி எங்கே என்று வழக்குப் போட்டார்.

இன்னொரு நீதிபதியாக இருந்தால் ‘போக்குவரத்து நெரிசல், தடை செல்லும்’ என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு டிபன் சாப்பிடப் போயிருப்பார். லாரெல் விடுவாரா? சமூக நீதி என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தார். அது கம்யூனிசம் இல்லை, சர்வாதிகாரம் இல்லை, அராஜகமும் இல்லை என்று எதெது இல்லை என்பதை முதலில் அடுக்கிவிட்டு, பிறகு சட்டத்தை மனிதத்தன்மை உடையதாக்குவதுதான் சமூக நீதி என்று சொன்னார். அழகான விளக்கம். எழுபது எண்பது வருஷமாக ஏழைகளுக்காகப் பேசும் ஒவ்வொரு பிலிப்பைன்ஸ் வக்கீலும் அதை எடுத்துக்காட்டுகிறார். கேஸ் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஜட்காக்காரர்கள் தோற்றுப்போனார்கள்.

அதே 1940-ல் வந்ததுதான் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்ட கேஸ்.

1935-ல் வடக்கே இலோகோஸ் நோர்த்தே மாகாணத்தில் ஒரு தேர்தல். நலுண்டாசன் என்கிறவர் ஜெயித்தார். தோற்றவரின் வீட்டு வழியாக, தோற்றவர் பெயரை எழுதிய சவப்பெட்டியோடு அவருடைய ஆட்கள் ஊர்வலம் போனார்கள் என்கிறார்கள். நம் ஊரில் வெடி போடுவதோடு நின்றுவிடும். மூன்றாம் நாள் ராத்திரி, வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்த நலுண்டாசனை இருட்டிலிருந்து ஒரே ஒரு ரைஃபிள் குண்டு சாய்த்தது. தோற்ற வேட்பாளருக்கு ஒரு மகன். சட்டக் கல்லூரி மாணவன். பல்கலைக்கழகத் துப்பாக்கி அணியில் குறி தப்பாமல் சுடுகிறவன். போலீஸ் எங்கே போய் நின்றது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பையன் சாமானியப்பட்டவன் இல்லை. கொலை வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே பார் தேர்வு எழுதி நாட்டிலேயே முதல் இடம் வாங்கினான். கீழ்க்கோர்ட் குற்றவாளி என்றது. சிறையில் உட்கார்ந்து மேல்முறையீட்டைத் தானே தயாரித்தான். உச்ச நீதிமன்றத்தில் ஃபைல் வந்து நின்ற மேஜை நீதியரசர் லாரெலுடையது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்திருப்பார்: சட்ட மாணவன், ரத்த வழக்கு, கீழ்க்கோர்ட்டில் தண்டனை, உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு. இந்தக் கதையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே!

லாரெல் விடுதலை செய்தார். அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி நம்பத்தகுந்தவர் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். தன் இளமையைப் பார்த்து மனம் இளகிவிட்டார் என்று ஊர் இன்றுவரை பேசுகிறது. மனதுக்குள் நடந்தது அவருக்கே வெளிச்சம். தீர்ப்பின் காகிதத்தில் இருப்பது சாட்சியைப் பற்றிய சந்தேகம் மட்டும்தான். சந்தேகத்தின் பலனை வாங்கிக்கொண்டு வெளியே வந்த அந்தப் பையனின் பெயர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ்.

ஆமாம், அதே மார்கோஸ்தான். மூவாயிரம் ஜோடி செருப்புப் புகழ் இமெல்டாவின் கணவர். 1965 முதல் 1986 வரை பிலிப்பைன்ஸைத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தவர். 1986-ல் மக்கள் திரண்டு அவரை ஹவாய்க்கு விரட்டியபோது, கொரஸோன் அகினோ ஜனாதிபதியானார். கூடவே துணை ஜனாதிபதியாகப் பதவியேற்றவர் சால்வடோர் லாரெல். நீதியரசரின் சொந்தப் பிள்ளை. அப்பா வெளியே விட்ட ஆளை நாட்டைவிட்டே வெளியே அனுப்ப மகன் வரவேண்டியிருந்தது. நடுவில் 46 வருஷம் ஓடியிருந்தது.

சரி, நம்மவருக்கு வருவோம். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். ஜனாதிபதி கேசோன் கொரெஹிடோர் தீவுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். லாரெலை மணிலாவிலேயே இருந்து ஜப்பானியரைச் சமாளிக்கச் சொல்லிவிட்டுப் போனார். லாரெல் 1938-லேயே டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர். பிள்ளைகளில் ஒருவர் ஜப்பானிய ராணுவ அகாடமியில் படித்தவர். ஜப்பானிடம் பேச இவரைவிட்டால் யார்?

கொஞ்சம் சிரிப்பை ஓரமாக வைக்க வேண்டிய இடம் இது. ஹோசே அபாட் சாண்டோஸ் அப்போது தலைமை நீதிபதி. லாரெலின் சக நீதிபதி, அதே பெஞ்சுக்காரர். ஜப்பானியர் பிடித்து, ஒத்துழைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். 1942 மே மாதம் சுட்டுக் கொன்றார்கள். ஒரே கோர்ட், ஒரே சட்டம், ஒரே முதற்பெயர். ஒருவர் முடியாது என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். மற்றவர் ‘ஆனால்’, ‘இருப்பினும்’, ‘மேற்சொன்ன நிபந்தனைக்கு உட்பட்டு’ என்று மூன்று வருஷம் இழுத்தார்.

இழுத்ததற்கும் விலை இருந்தது. 1943, ஜூன் 5. மணிலாவின் வாக் வாக் கோல்ஃப் மைதானம். பெயரே அப்படித்தான், நான் வைக்கவில்லை. ஊரே அரிசிக்கு அல்லாடும்போது உள்துறை கமிஷனரான லாரெல் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். ஜப்பானுக்குத் துணைபோகிறவர் என்று அவரைக் குறிவைத்திருந்த கெரில்லாக்களில் ஒருவன் .45 துப்பாக்கியால் சுட்டான். குண்டுகள் உடம்பில் நுழைந்தன. இதயத்தை மட்டும் தொடவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஜப்பானிய ராணுவ போலீஸ் ஒரு முன்னாள் குத்துச்சண்டை வீரனைக் கொண்டுவந்து நிறுத்தியது. ‘உங்களைச் சுட்டது இவன்தானே?’ ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், ஆளைக் காலி செய்துவிடுவார்கள். லாரெல் உற்றுப் பார்த்தார். சரியாக ஞாபகம் இல்லை என்றார். பிற்பாடு எழுதிய நினைவுக்குறிப்பில், சுட்டது அவன்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்குள் அவன் அவருடைய மெய்க்காப்பாளர்களில் ஒருவனாகியிருந்தான். சுட்டது வேறொரு கெரில்லா கேப்டன் என்று சொல்லும் சரித்திர ஆசிரியரும் உண்டு. லாரெல் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். தன்னைக் கொல்ல வந்தவனுக்கே சந்தேகத்தின் பலனைக் கொடுத்த நீதிபதி வேறு எங்கே கிடைப்பார்?

குணமாகி எழுந்தார். 1943 அக்டோபர் 14-ல் ஜப்பான் ஆசியோடு ‘சுதந்திர’ பிலிப்பைன்ஸின் ஜனாதிபதி. அடுத்த மாதம் டோக்கியோவில் ஜப்பான் பிரதமர் டோஜோ கூட்டிய மாபெரும் கிழக்காசிய மாநாடு. பர்மாவிலிருந்து பா மாவ், பார்வையாளராக நம் நேதாஜி, இவர்களோடு லாரெல். குரூப் ஃபோட்டோவில் பெரும்பாலும் ராணுவ உடை, பூட்ஸ். நடுவே வக்கீல் ஐயா.

டோஜோவுக்கு ஒரே நச்சரிப்பு: அமெரிக்கா மேல் போர் அறிவியுங்கள். லாரெல் தட்டிக் கழித்த விதத்தை அவரே எழுதியிருக்கிறார். நான் ஒன்றும் கேசோன் மாதிரி செல்வாக்குள்ள தலைவன் இல்லை, நான் அறிவித்தால் என் பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்றாராம். தனக்குச் செல்வாக்கு இல்லை என்று ஓர் அரசியல்வாதி தானாக முன்வந்து வாக்குமூலம் கொடுத்தது உலக சரித்திரத்தில் இந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும்.

ஒரு வருஷம் ஓட்டினார். 1944 செப்டம்பர் 21-ல் அமெரிக்க விமானங்கள் மணிலா மேல் குண்டு போட்டன. இனிமேல் தப்ப முடியாது. அன்றைய தேதியில் ராணுவச் சட்டம் பிறப்பித்தார். (மார்கோஸ் 28 வருஷம் கழித்து ராணுவச் சட்டம் போட்டாரே, அந்தப் பிரகடனத்திலும் தேதி செப்டம்பர் 21. குருவை மிஞ்சாத சிஷ்யன்!) இரண்டு நாளில் அடுத்த பிரகடனம். போர் தொடுக்கிறோம் என்றா எழுதினார்? இல்லவே இல்லை. அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் ‘போர்நிலை நிலவுகிறது’ என்று எழுதினார். வெளியே வெயில் அடிக்கிறது என்கிற தொனி. போர்நிலைதான் வந்துவிட்டதே, வாலிபர்களைப் பட்டாளத்துக்கு அனுப்புங்கள் என்றான் ஜப்பான்காரன். நிலவுகிறது என்றுதானே சொன்னோம், சண்டை போடுகிறோம் என்றா சொன்னோம்? ஒரு பையனைக்கூடக் கட்டாய ராணுவ சேவைக்கு எடுக்க லாரெல் சம்மதிக்கவில்லை. பட்டாளமே இல்லாமல் வல்லரசோடு போர்நிலையில் இருந்த நாடு!

1945-ல் அமெரிக்கப் படை நெருங்கியதும் ஜப்பானியர் அவரைத் தைவான் வழியாக ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பான் சரணடைந்த இரண்டாம் நாள், ஆகஸ்ட் 17 அன்று, நாரா என்கிற ஊரிலிருந்தபடி தன் குடியரசைத் தானே கலைத்தார். குடியரசோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஏற்கெனவே அமெரிக்கா கையில். இல்லாத அரசை ஓர் ஒழுங்கோடு, பிரகடனம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கலைக்க ஒரு வக்கீலால்தான் முடியும்.

பிறகு டோக்கியோவின் சுகாமோ சிறை. நினைவுக்குறிப்பு எழுத ஆசை, காகிதம் இல்லை. கையில் பர்க்கன்ஹெட் பிரபு எழுதிய ஒரு புத்தகம் இருந்தது. 2030-ல் உலகம் எப்படி இருக்கும் என்று ஜோசியம் சொல்லும் புத்தகம். அதன் பக்கங்களில் காலி இடம் பார்த்துத் தன் கட்சியை நுணுக்கி நுணுக்கி எழுதித் தள்ளினார். அச்சில் ஒரு நூற்றாண்டு தள்ளி என்ன நடக்கும் என்று ஆருடம். ஓரத்தில் கையெழுத்தில், நாளைக் காலை என்ன நடக்கும் என்றே தெரியாத மனிதர்.

1946-ல் மணிலாவுக்குக் கொண்டுவந்து தேசத்துரோகக் குற்றச்சாட்டுகளைப் படித்தார்கள். எண்ணிக்கை 132! வாசித்து முடிக்கவே தொண்டை வறண்டிருக்கும். வாழ்நாள் முழுக்கத் தீர்ப்பு வாங்கியும் வழங்கியும் வாழ்ந்தவருக்கு ஆகப் பெரிய கேஸ். நாடே காத்திருந்தது. 1948 ஜனவரியில் ஜனாதிபதி ரோஹாஸ் பொது மன்னிப்பு அறிவித்து எல்லாவற்றையும் ஊற்றி மூடினார். ஜப்பான் காலத்தில் ரோஹாஸின் உயிரைக் காப்பாற்றியவர்களில் ஒருவர் லாரெல் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஆக 132-ல் ஒன்றுக்குக்கூடத் தீர்ப்பு இல்லை. குற்றவாளியும் இல்லை, நிரபராதியும் இல்லை, ஃபைல் குளோஸ்.

அடுத்த வருஷமே ஜனாதிபதி தேர்தலில் நின்றார். எதிரே அப்போதைய ஜனாதிபதி குய்ரினோ. அந்தத் தேர்தலில் லானாவோ பகுதியில் செத்தவர்களும் பறவைகளும் பூக்களும்கூட ஓட்டுப் போட்டதாக இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். நமக்குத் தெரியாத கள்ள ஓட்டா! இருந்தாலும் பூ ஓட்டுப் போட்டு நாம்கூடக் கேள்விப்பட்டதில்லை. லாரெல் தோற்றார். 1951-ல் செனட் தேர்தலில் நாட்டிலேயே முதலாவதாக வந்து கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

1953-ல் மறுபடி ஜனாதிபதி பதவிக்கு நிற்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இங்கேதான் மனிதர் என்னை உண்மையாகவே அசத்துகிறார். தன் கட்சி சார்பில் வேறொருவரை நிறுத்தினார். ரமோன் மக்சைசாய். யுத்த காலத்தில் காட்டில் பதுங்கி ஜப்பானியரோடும், சட்டப்படி பார்த்தால் லாரெல் அரசோடும், சண்டை போட்ட கெரில்லா! மக்சைசாய் அமோகமாக ஜெயித்தார்.

புது ஜனாதிபதி, அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தத்தைத் திருத்திப் பேச வாஷிங்டனுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். பத்து வருஷத்துக்கு முன் அதே அமெரிக்காவோடு போர்நிலை நிலவுவதாகக் கையெழுத்துப் போட்டவர்தான் குழுத் தலைவர். 1955-ல் ஒப்பந்தம் முடிந்தது. இரு தரப்புத் தலைவர்களின் பெயரையும் சேர்த்து அதற்கு லாரெல் - லாங்லி ஒப்பந்தம் என்று பெயர். எந்தப் பெயர் முதலில் வருகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.